பூனைக்கு ஒரு வாசல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: சமையலறைப் பின்கதவில், பூனை தானே தள்ளிப் போய்வரும் ஆடும் தகடு வைத்த பூனைக்கதவு வைக்க ஆசை. எங்கள் கதவு 32 மி.மீ. ஃப்ளஷ் டோர். ஆசாரியோ, "ஓட்டை போட்டால் கதவே போய்விடும்" என்கிறார். எந்த உயரத்தில், எப்படி வெட்டுவது?
(வாசகி, ஸ்ரீரங்கம்)

ப: ஆசாரி சொல்வது சில கதவுகளுக்குச் சரி, எல்லாவற்றுக்கும் இல்லை. விரலை மடக்கி, கதவின் ஓரத்திலிருந்து நடுவரை தட்டிக்கொண்டே போங்கள். முழுக்க ஒரே கெட்டிச் சத்தம் வந்தால் உள்ளே நிறைகட்டை இருக்கிறது, தைரியமாக வெட்டலாம். ஓரத்தில் கெட்டியாகவும் நடுவில் பொத்தென்றும் கேட்டால் உள்ளே பொள்ளல். அதையும் வெட்டலாம். ஆனால் வெட்டிய ஓட்டைக்குள் நாலு பக்கமும் மரச்சட்டம் செருகி, பசை போட்டு ஒட்டி, ஒரு நாள் காயவிட்ட பிறகுதான் பூனைக்கதவை மாட்ட வேண்டும். சட்டம் இல்லாமல் மாட்டினால், திருகை முறுக்க முறுக்க இரண்டு பக்கப் பலகையும் உள்வாங்கும். அதோடு பிளாஸ்டிக் சட்டமும் வளைந்து, ஆடும் தகடு ஒரு மூலையில் உரசிக்கொண்டு நின்றுவிடும்.

அடுத்தது உயரம். டேப்பை முதலில் பூனையிடம் கொண்டுபோங்கள். அது சாப்பிட நிற்கும்போது தரைக்கும் வயிற்றின் அடிப்பக்கத்துக்கும் இடையே அளந்துகொள்ளுங்கள். நம் ஊர்ப் பூனைகளுக்குப் பெரும்பாலும் 12 முதல் 15 செ.மீ. வரை வரும். ஆடும் தகட்டின் கீழ் விளிம்பு அந்த உயரத்தில் இருந்தால், பூனை காலைத் தூக்கி வைத்து இயல்பாகக் கடந்துவிடும். கீழே இறக்கி வைத்தால் முதுகு இடிக்கும். மேலே ஏற்றி வைத்தால் ஒவ்வொரு முறையும் தாவ வேண்டும், கர்ப்பமான பூனையும் வயதான பூனையும் அந்த வழியை விட்டுவிடும்.

நம் வீடுகளில் பலரும் கவனிக்காமல் விடுவது வெளித்தரை. பின்வாசலில் ஒரு படி இறக்கம் இருக்கும். உள்ளே 15 செ.மீ. இருக்கிற ஓட்டை வெளியே 30, 35 செ.மீ. உயரத்தில் போய் நிற்கும். உள்தரையை வைத்து அளந்து வெட்டுங்கள், வெளியே ஓட்டைக்கு நேர் கீழே அசையாத ஒரு படி கட்டுங்கள். இரண்டு செங்கல்லை அடுக்கிப் பூசினாலே போதும். ஆடுகிற ஸ்டூலோ பலகையோ வேண்டாம், ஒரு தடவை சரிந்தால் பூனை அந்தப் பக்கமே வராது.

வெட்டும் முறைக்கு வருவோம். கதவைக் கீலிலிருந்து கழற்றி, இரண்டு ஸ்டூல் மேல் படுக்கவைத்து வெட்டுவதுதான் நல்லது. தொங்குகிற கதவில் ஜிக்சா துள்ளும். பெட்டியோடு வரும், ஓட்டை அளவு அச்சிட்ட தாளை அப்படியே நம்பாமல், பூனைக்கதவின் உட்குழாயை (ஓட்டைக்குள் நுழையும் பகுதியை) அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஓட்டை அதைவிட எல்லாப் பக்கமும் 2 மி.மீ. பெரிதாக இருக்கட்டும். கதவின் அடி விளிம்பிலிருந்தும் பக்க விளிம்பிலிருந்தும் குறைந்தது 10 செ.மீ. தள்ளியே ஓட்டை வர வேண்டும். கதவின் பலம் அந்த விளிம்புக் கட்டைகளில் இருக்கிறது. கதவைக் கழற்றும் முன்பே மட்டப்பலகை வைத்து அடிக்கோட்டைப் போடுங்கள். கோடு சாய்ந்தால் தகடு ஒரு பக்கமாகத் தொங்கும், அதை மூடி நிறுத்தும் காந்தத்தின் மேல் போய் உட்காராது.

கோடு போட்ட இடமெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் மறுபடி வரைந்து, நாலு மூலையிலும் 12 மி.மீ. பிட்டால் துளை போடுங்கள். அடியில் ஒரு வீண் பலகையை அழுத்திப் பிடித்தால் மறுபக்கம் சிலாம்பு பெயராது. பிறகு நெருக்கமான பல் உள்ள பிளேடு மாட்டிய ஜிக்சாவால் மூலைக்கு மூலை வெட்ட வேண்டும். சாதாரண ஜிக்சா பிளேடு மேல்நோக்கித்தான் வெட்டும். அதனால் மைக்கா பெயர்வது மேல்பக்கத்தில். உள்பக்கம் அழகாக இருக்க வேண்டுமென்றால் அதைக் கீழே வைத்து, வெளிப்பக்கத்திலிருந்து வெட்டுங்கள்.

இனிமேல் சொல்வதைத்தான் பெரும்பாலானோர் செய்வதில்லை. வெட்டிய விளிம்பை 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, உட்சுவர் நாலுக்கும் வுட் பிரைமர் இரண்டு கோட் அடித்து, ஒரு நாள் காயவிடுங்கள். அங்கே கட்டையின் பச்சை உள்முகம் திறந்து கிடக்கிறது. ஐப்பசி மழையில் அது ஈரத்தை உறிஞ்சி உப்பினால், சட்டத்தை நெரிக்கும். 'மழைக்காலத்தில் மட்டும் தகடு சிக்குகிறது' என்பவர்களின் வீட்டில் பெரும்பாலும் இதுதான் காரணம்.

திருகுகளைக் கை ஸ்க்ரூடிரைவரால், குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். டிரில்லில் பிட் மாட்டி முறுக்கினால் சட்டம் ஒரே நொடியில் வளைந்துவிடும். வெளிச்சட்டத்தின் மேல்பக்கமும் இரு பக்கவாட்டும் மெல்லிசாக சிலிகான் வையுங்கள். அடிப்பக்கத்தை அடைக்காதீர்கள், உள்ளே புகுந்த சாரல் வெளியேற வழி வேண்டும்.

கே: ஓட்டை வழியாகத் திருடன் கைவிட மாட்டானா?
(வாசகர், செங்கல்பட்டு)

ப: விடுவான், தோள்வரை விட முடியும். நம் பின்கதவுகளில் அடித்தாழ்ப்பாள் தரையை ஒட்டியே இருக்கும், பூனைக்கதவுக்குப் பக்கத்திலேயே. பொருத்தியதும் வெளியே உட்கார்ந்து, உங்கள் கையை விட்டுத் துழாவிப் பாருங்கள். தாழ்ப்பாள் எட்டினால் கழற்றிவிட்டு, கதவின் மேல்பாதியில் சாவி போட்டுப் பூட்டும் பூட்டு வைத்து, சாவியை அதிலேயே தொங்கவிடாமல் எடுத்துவிடுங்கள். குச்சியால் தள்ளித் திறக்கக்கூடிய நாதாங்கியும் இருக்கக் கூடாது. தெருவைப் பார்த்த தலைவாசல் கதவில் பூனைக்கதவு வேண்டவே வேண்டாம்.

கே: அடுக்ககத்தில் 4வது மாடி. பால்கனிக்குப் போக யுபிவிசி நகரும் கண்ணாடிக் கதவுதான். கண்ணாடியில் ஓட்டை போட முடியுமா?
(வாசகி, சென்னை)

ப: கண்ணாடியின் மூலையில் சின்னதாக முத்திரை இருக்கிறதா பாருங்கள். டஃபன்டு (பதப்படுத்திய) கண்ணாடி என்று அதில் இருந்தால் யாராலும் ஓட்டை போட முடியாது. சூடேற்றிச் சட்டென்று குளிர்வித்த கண்ணாடி அது, மேற்பரப்பில் அழுத்தமும் உள்ளே இழுவிசையும் சமன்பட்டு நிற்கின்றன. அந்தச் சமநிலை ஓரிடத்தில் அறுபட்டால் முழுக் கண்ணாடியும் சில்லுச் சில்லாக உதிரும். ஓட்டை வேண்டுமென்றால் பதப்படுத்துவதற்கு முன்பே போட்ட புதுக் கண்ணாடியாகத்தான் செய்து வாங்க வேண்டும். சாதாரணக் கண்ணாடிதான் என்று உறுதியானால், கண்ணாடிக் கடைக்காரரே வட்டமாக வெட்டித் தருவார். சதுரம் கேட்காதீர்கள், கூர்மூலையிலிருந்துதான் விரிசல் ஓடும்.

உங்களுக்கு எளிய வழி வேறொன்று உண்டு. கதவு ஓடும் தடத்தில், மேலிருந்து கீழ்வரை 25 செ.மீ. அகலத்தில் 6 மி.மீ. பாலிகார்பனேட் பலகையை நிறுத்தி, அதில் பூனைக்கதவை வைத்துவிடலாம். நகரும் கதவு அந்தப் பலகையில் வந்து முட்டி நிற்கும். வாடகை வீட்டுக்கும் இதுவே ஏற்றது, காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம். கதவின் பழைய பூட்டு இனி சேராது என்பதால், தடத்தில் கதவு நகராதபடி தனியாக ஒரு பூட்டுக்கட்டை போட வேண்டும்.

ஆனால் அம்மா, இதெல்லாம் பால்கனியை அடைத்த பிறகுதான். பூனை எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் பிழைக்கும் என்று நம்பாதீர்கள். தாடை உடைந்து, நெஞ்சில் அடிபட்டு வரும் பூனைகள் நிறைய. கைப்பிடியில் உட்கார்ந்த புறாவைப் பார்த்துப் பாய்ந்தால் போதும். புறாவுக்காகக் கட்டும் நைலான் வலையைப் பூனை கடித்து அறுத்துவிடும். தரையிலிருந்து மேல்தளம்வரை, 1 அங்குலக் கண் உள்ள எஃகுக் கம்பிவலை அடியுங்கள். அது முடியும்வரை பூனைக்கதவைப் பூட்டியே வையுங்கள்.

கே: பொருத்தி பத்து நாள் ஆகிறது. பூனை தகட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து கத்துகிறது. தள்ளிவிட்டுப் பழக்கலாமா?
(வாசகர், கோவை)

ப: ஒருபோதும் தள்ளாதீர்கள். தள்ளினால், அந்த இடத்தில் தன்னை யாரோ பிடிப்பார்கள் என்பதைத்தான் அது கற்றுக்கொள்ளும்.

பூனைக்குத் தகட்டின் கனம் பிரச்சினை இல்லை. மூக்கில் வந்து மோதுகிற ஒரு பொருளும், வால் போன பிறகு பின்னால் எழும் 'டக்' சத்தமும்தான் பயமுறுத்துகின்றன. முதல் நாலைந்து நாள் தகட்டை முழுக்க மேலே தூக்கி, கெட்டியான டேப்பால் கதவோடு ஒட்டிவிடுங்கள். நூலில் கட்டித் தொங்கவிட வேண்டாம், அவிழ்ந்து பூனையின் முதுகில் விழுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நீங்கள் ஒரு பக்கம், பூனை மறுபக்கம். பசிக்கிற நேரத்தில் வறுத்த நெத்திலிக் கருவாட்டை ஓட்டைக்கு ஒரு சாண் தள்ளி வைத்துக் கூப்பிடுங்கள். தயங்காமல் வந்து போகத் தொடங்கியதும் தகட்டைப் பாதி இறக்குங்கள். அதற்கு இரண்டு மூன்று நாள். பிறகு கீழே இரண்டு விரல் இடைவெளி மட்டும் விட்டு நிறுத்தினால், தலையால் முட்டித் தள்ளத் தானே பழகும். கடைசியில்தான் முழுக்க இறக்க வேண்டும்.

சத்தத்துக்கு ஒரு வழி உண்டு. தகட்டின் அடியில் இருக்கும் காந்தத்தைப் பல மாடல்களில் திருகி இறக்கலாம். பழகும்வரை இறக்கியே வையுங்கள். ஆடி மாதக் காற்றில் தகடு படபடவென்று அடித்தால் அதே காந்தத்தை ஏற்றிக்கொள்ளலாம். ஒரு பக்கம் மட்டும் போகத் தயங்கினால், அந்தப் பக்கத்துத் தரை உயரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் முதல் பதிலில் சொன்ன படி இல்லாததுதான் காரணமாக இருக்கும்.

கே: பக்கத்துத் தெருக் கடுவன் உள்ளே வந்து, சாப்பாட்டையும் தின்றுவிட்டு, அரிசி மூட்டையில் மூத்திரம் அடித்துவிட்டுப் போகிறது.
(வாசகி, மதுரை)

ப: சாதாரணப் பூனைக்கதவு யாருக்கும் திறக்கும். எந்தப் பக்கமாகத் திறக்கலாம் என்பதை நாலு விதமாக மாற்றும் பூட்டு இருந்தாலும், அதற்கு உங்கள் பூனை எது, கடுவன் எது என்று தெரியாது.

காந்தக் கழுத்துப்பட்டை வைத்த மாடல் மலிவு. ஆனால் பூனை ஆணியும் இரும்புத்தூளும் ஒட்டிக்கொண்டு வரும், கிரில் கம்பியிலும் போய் ஒட்டும். காந்தப் பட்டை போட்ட வேறு பூனைக்கும் கதவு திறக்கும். பட்டை போடுவதானால், எங்காவது சிக்கினால் தானே விடுபடும் கொக்கி உள்ளதாகப் பாருங்கள்.

உறுதியான தீர்வு மைக்ரோசிப் படிக்கும் மாடல். கால்நடை மருத்துவர் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் வைக்கும் சிப்பில் 15 இலக்க எண் இருக்கும். பூனை தலையை நீட்டும்போது கதவு அதைப் படித்துப் பூட்டைத் திறக்கும். சிப்பில் மின்கலம் இல்லை, கதவுக்குத்தான் பேட்டரி. பேட்டரி தீர்ந்தால் பூனை வெளியே மாட்டிக்கொள்ளும், எச்சரிக்கை விளக்கு மின்னும்போதே மாற்றிவிடுங்கள். இரும்புத் தகட்டுக் கதவில் இந்த மாடலைச் சும்மா பொருத்தினால் சுற்றியுள்ள உலோகம் சமிக்ஞையைக் கெடுக்கும். ஓட்டையைப் பெரிதாக வெட்டி, நடுவில் மரம் அல்லது பாலிகார்பனேட் பலகை வைத்து, அதன் மேல் பொருத்த வேண்டும்.

மூத்திரம் அடித்த இடத்தை என்சைம் கலந்த கிளீனரால் துடையுங்கள். வாசனை மிஞ்சினால் உங்கள் பூனையும் அங்கேயே அடிக்கத் தொடங்கும். அந்தக் கடுவனுக்குக் கருத்தடை செய்ய ஏற்பாடு செய்தால் தெருவுக்கே நல்லது, அதற்கும்தான்.

கே: தென்னந்தோப்பு நடுவில் வீடு. பாம்பு வராதா?
(வாசகர், பொள்ளாச்சி)

ப: உங்கள் கவலை நியாயமானது. தகட்டைச் சுற்றி 2, 3 மி.மீ. இடைவெளி இருந்தே தீரும், காந்தத்தின் பிடியும் லேசானது. கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும், எலி, பல்லி, சின்னப் பாம்பு தேடி வீட்டுக்குள் வரும். அதன் குட்டிக்கு மிகச் சிறிய சந்து போதும். எனவே தோப்பு வீட்டில் இருட்டுவதற்கு முன்பே சாப்பாட்டு நேரத்தை வைத்து, பூனையை உள்ளே கூப்பிட்டு, பூனைக்கதவைப் பூட்டி, பெட்டியோடு வரும் மறைப்புப் பலகையையும் சொருகுங்கள். இல்லாவிட்டால் ஆசாரியிடம் ஒரு பலகை செய்துகொள்ளுங்கள். கதவின் அடிச்சந்தையும் ரப்பர் பட்டையால் அடையுங்கள், பூனைக்கதவைவிடப் பெரிய வழி அதுதான். இரவு பூனை உள்ளேயே இருப்பதால், அது மலம் கழிக்க மண் நிரப்பிய தொட்டி ஒன்று தேவைப்படும். பகலிலும் பூனை பிடித்த பாம்பை உயிரோடு உள்ளே இழுத்து வரலாம். ஓட்டைக்குப் பக்கத்தில் செருப்பு, துணி, சாக்கு எதையும் குவிக்காதீர்கள்.

கே: குட்டிக்கு மூன்று மாதம். இப்போதே திறந்துவிடலாமா?
(வாசகி, தஞ்சாவூர்)

ப: வேண்டாம். ரேபிஸ் தடுப்பூசி உட்பட ஊசிகள் முடிந்து, கருத்தடையும் ஆன பிறகுதான். பெட்டைக்குட்டி 4 மாதத்திலேயே சினைப்படக்கூடும், 'இன்னும் குட்டிதானே' என்று விட்டுவிடாதீர்கள். கதவை இப்போதே பொருத்தி, பூட்டி வையுங்கள். அளவு மட்டும் வளர்ந்த பூனைக்கு இருக்கட்டும், வயிற்று உயரத்தைத் தாய்ப் பூனையிடம் எடுங்கள்.

கே: பூனைக்கதவைக் கண்டுபிடித்தது நியூட்டன்தானா?
(வாசகர், புதுச்சேரி)

ப: இல்லை, அது அவர் பெயரில் ஒட்டிக்கொண்ட கதை. இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பேராலயத்தில், பழைய வானியல் கடிகாரத்துக்குக் கீழே உள்ள மரக்கதவின் அடியில் வட்டமாக ஒரு பூனை ஓட்டையை இன்றும் பார்க்கலாம். எலி பிடிக்கும் பூனைக்குத் தீனிச் செலவு கொடுத்த கணக்கு அந்தப் பேராலயத்தின் 14ஆம் நூற்றாண்டுப் பதிவுகளிலேயே இருக்கிறது. நியூட்டன் பிறந்தது 1642இல்.