'கடலோரம் கிடைக்கும் முட்டாள் (3)': விடை

இந்தக் குறுக்கெழுத்துக் குறிப்புக்கு மூன்றெழுத்து விடை கேட்டிருந்தீர்கள். சிப்பி, நத்தை இரண்டும் பொருந்தவில்லை, நடு எழுத்து 'ட்' என்று சொல்லியிருக்கிறீர்கள். அப்படியானால் விடை 'மட்டி' தான். இரட்டை ஓடு கொண்ட சிப்பி இனம் அது. கழிமுகச் சேற்றிலும் மணலிலும் புதைந்து கிடக்கும். மூடனையும் மட்டி என்போம். இரண்டு பொருளையும் ஒட்டுத் தெரியாமல் இணைத்திருக்கிறார் புதிரை அமைத்தவர், அருமையான குறிப்பு!

'கடலோரம்' என்று பார்த்ததுமே சிப்பியில் மாட்டிக்கொள்ளாதீர்கள். மனிதரைக் குறிக்கும் சொல் இருந்தால் அதிலிருந்து தேடுங்கள். 'முத்து தருவது (3)' என்று வந்து முதலெழுத்து 'இ' என்றால் 'இப்பி', பழைய சொல்.

அப்புறம், குமரி மாவட்டத்தில் மட்டி ஒரு வாழைப்பழம். 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. 'குமரிப் பழம்' என்று கேட்டாலும் இதையே போடலாம்.