முதுகலைக்குப் பரிந்துரைக் கடிதம் யாரிடம் கேட்பது?

இப்போதைய மேலாளரிடமோ முன்னாள் மேலாளரிடமோ கேளுங்கள். படித்து முடித்துப் பத்தாண்டுகள் ஆகிவிட்டதால் எந்தப் பேராசிரியருக்கும் தங்களை நினைவிருக்காது என்று எழுதியிருக்கிறீர்கள். தொழில் சார்ந்த முதுகலைப் படிப்புகள் பலவும் பணியிடப் பரிந்துரையை ஏற்கின்றன.

மேலாளரின் கடிதம் "நேரந்தவறாதவர், கடின உழைப்பாளி" என்ற நற்சான்றிதழாக முடிந்துவிடும் என்பதே தங்கள் தயக்கத்துக்குக் காரணமாக இருக்கலாம், அது நியாயமான அச்சமும்கூட. ஆகவே தாங்கள் தயாரித்த ஓர் அறிக்கையைத் தேர்ந்தெடுத்து, எந்தக் கேள்வியோடு தொடங்கினீர்கள், எந்தத் தரவை ஏன் ஒதுக்கினீர்கள், முடிவு எங்கே மாறியது என்பதையெல்லாம் ஒரு பக்கத்தில் குறித்து அவரிடம் கொடுங்கள்.

அதற்கு முன், துறையின் சேர்க்கை விதிகளில் கல்விசார் பரிந்துரை கட்டாயமா என்று பாருங்கள். கட்டாயமெனில், பட்டத்தில் சேராமலே ஒரு பாடத்தை மட்டும் படிக்க அனுமதிக்கும் கல்லூரியில் சேர்ந்து, அந்த ஆசிரியரிடம் கேட்கலாம். வேலை முடிந்த களைப்பில் படிக்க முடிகிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

ஆய்வேட்டை மையமாகக் கொண்ட படிப்பென்றால் மேலாளரின் கடிதம் மட்டும் பெரும்பாலும் போதாது. தவிர, கேட்ட நாளிலிருந்தே தாங்கள் வேலையை விடப்போவதாக அவர் எண்ணத் தொடங்கலாம்.