அனிமேஷன் படிக்க ஆசைப்படும் பிள்ளையின் அம்மாவுக்கு

அக்கா,

சனிக்கிழமை ஆவணப்படம் முடிந்து வெளியே வந்ததும், காரில் ஏறுவதற்கு முன் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டீர்கள். "அவ்வளவு பெரிய டிஸ்னியே கதவைச் சாத்துற நிலைமைக்குப் போயிருக்கு. அதுல போயா என் பிள்ளை விழணும்?" தம்பி பக்கத்திலேயே நின்றதால் அப்போது நான் அதிகம் பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

உங்கள் பயத்தில் தப்பு இல்லை. நாம் பார்த்த 'வேக்கிங் ஸ்லீப்பிங் பியூட்டி' 2009இல் வந்த படம். அதை இயக்கிய டான் ஹான் டிஸ்னியின் அனிமேஷன் ஸ்டுடியோவிலேயே வருடக்கணக்கில் வேலை பார்த்தவர். 1984 முதல் 1994 வரை அங்கே நடந்ததை, பெரும்பாலும் அந்தக் காலத்தில் எடுத்த படச்சுருள்களையும் ஊழியர்கள் வரைந்த கேலிச்சித்திரங்களையும் வைத்தே சொல்கிறார். 1985இல் டிஸ்னியின் 'பிளாக் கால்ட்ரன்' வசூலில் ஒரு கரடி பொம்மைப் படத்திடம் தோற்றுப்போனது. ஓவியர்களை, அவர்களுக்கென்றே கட்டிய பர்பேங்க் கட்டடத்திலிருந்து கிளப்பி, க்ளெண்டேலில் இருந்த கிடங்கு மாதிரியான இடங்களுக்கு அனுப்பினார்கள். அந்த இடத்தில்தான் நீங்கள் பெருமூச்சு விட்டீர்கள்.

நான் கவனித்தது அதற்கு அடுத்த பகுதியை. அந்த ஸ்டுடியோவைத் தூக்கி நிறுத்தியவர்களில் முக்கியமான ஒருவர், ஹோவர்ட் ஆஷ்மன், ஓவியரே இல்லை. நியூயார்க் நாடக மேடையிலிருந்து வந்த பாடலாசிரியர். பாட்டு கதையை நகர்த்த வேண்டும், ஒரு பாத்திரம் தன் ஏக்கத்தைப் பாடினால்தான் பார்ப்பவர் அதன் பின்னால் போவார் என்பதை அங்கிருந்தவர்களுக்குப் புரியவைத்தவர். 'லிட்டில் மெர்மெய்ட்' படத்தின் சோதனைக் காட்சியில், ஏரியல் பாடும் அந்த ஏக்கப் பாட்டின்போது குழந்தைகள் நெளிந்தார்கள். அதை வெட்டிவிடலாம் என்றார் ஸ்டுடியோ தலைவர் ஜெஃப்ரி காட்ஸன்பெர்க். ஆஷ்மன் விடவில்லை. ஏரியலை வரைந்த க்ளென் கீனும் விடவில்லை. 1989இல் படம் வெளிவந்தபோது மக்கள் மனதில் நின்றது அந்தப் பாட்டுதான். 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' வருவதற்குள் ஆஷ்மன் நோயில் விழுந்தார். அவருடைய வீட்டுக்குப் பக்கத்திலேயே போய்த் தங்கிப் படக்குழு வேலை பார்த்தது. 1991 மார்ச்சில் அவர் போய்விட்டார். அந்த வருடக் கடைசியில் வெளியான படம், சிறந்த படத்துக்கான ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் அனிமேஷன் படமானது.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், 'அனிமேஷன்' என்றதும் நம் வீடுகளில் நாள் முழுக்கக் கார்ட்டூன் வரைந்துகொண்டிருக்கும் ஒரு பையன்தான் கண்ணுக்குத் தெரிகிறான். உண்மையில் அது பல தொழில்கள் சேர்ந்த ஒரு பட்டறை. கதையைக் கட்டம் கட்டமாக வரைந்து காட்டுபவர், பாத்திரத்துக்கு உள்ளே எலும்பு மாதிரி ஒரு சட்டகம் பூட்டி அசையவைப்பவர், ஒளி அமைப்பவர், இசைக்காரர், கணினி நிரல் எழுதுபவர், கணக்கும் காலக்கெடுவும் பார்க்கும் தயாரிப்பு ஆள் என்று பலர். தம்பிக்கு இதில் எந்த இடம் என்று இன்றைக்கே முடிவாக வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றைப் பார்த்துவிட்டேன், அக்கா. படம் தொடங்குவதற்கு முன் தம்பி தன் கணக்கு நோட்டை என்னிடம் நீட்டினான். பக்கங்களின் மூலையில் காவடி எடுத்து ஆடும் ஒருவரை வரைந்திருக்கிறான். கட்டைவிரலால் வேகமாகப் புரட்டினால் அவர் ஆடுகிறார். முதலில் தோள் இறங்குகிறது, பிறகு முழங்கால் மடங்குகிறது, கால் தரையில் ஊன்றி நின்ற பிறகும் காவடியின் மயிலிறகு இரண்டு மூன்று பக்கங்களுக்கு அசைந்துகொண்டே இருக்கிறது. இப்படி உடம்பு நின்றும் பின்தொடர்வது நிற்காமல் இருப்பதை இந்தத் தொழிலில் 'ஃபாலோ த்ரூ' என்பார்கள். அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. "ஆயாகூட கோயில்ல நின்னு பார்த்தேன் அங்கிள்" என்றான். பழகிய கண் இருந்தால்தான் இது வரும். எத்தனையோ பிள்ளைகள் திரையில் பார்த்த பாத்திரத்தை அச்சு அசலாக நகல் எடுத்து வந்து காட்டுவார்கள், இவன் பார்த்த மனிதரை வரைகிறான்.

இனி கசப்பானதையும் சொல்லிவிடுகிறேன். நாம் பார்த்த ஆவணப்படம் 1994இல் 'லயன் கிங்' வெற்றியோடு நின்றுவிடுகிறது. பத்து வருடம் கழித்து, கையால் வரைந்த அதே ஓவியர்களில் பலருக்கு வேலை போனது. 2004இல் ஃபுளோரிடாவில் இருந்த டிஸ்னியின் கிளை ஸ்டுடியோவையே மூடினார்கள். கணினிக்கு மாறிக்கொண்டவர்களுக்கு வழி இருந்தது. வெற்றி வந்த காலத்திலும், ராத்திரி பகலாக உழைத்து கை நரம்பு வலியோடு வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. இந்த வேலை பெரும்பாலும் ஒப்பந்த வேலை. ஒரு படம் முடிந்தால் அடுத்தது கிடைக்கும்வரை சில மாதம் காத்திருக்க நேரும். தென்னாப்பிரிக்காவில் நாம் இருக்கும் டர்பனில் வாய்ப்பு குறைவு. கேப் டவுனுக்கோ ஜோஹன்னஸ்பர்க்குக்கோ போகத் தயாராக இருக்க வேண்டும்.

அதற்காக நம் நாட்டில் ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கேப் டவுனில் ட்ரிகர்ஃபிஷ் 1996இல் பொம்மைகளை நகர்த்தி நகர்த்திப் படமெடுக்கும் சிறு ஸ்டுடியோவாகத் தொடங்கியது. 2012இல் 'அட்வென்ச்சர்ஸ் இன் ஸாம்பேஸியா' என்ற முழுநீளப் படம் செய்தது. 2015இல் ஆப்பிரிக்கா முழுவதிலிருந்தும் கதைகளைக் கேட்டு வாங்கினார்கள். அதில் தேர்வான ஸாம்பியப் பெண் ஒருவரின் கதை 2023இல் நெட்ஃப்ளிக்ஸ் தொடராக வந்தது. அவர்களுடைய ட்ரிகர்ஃபிஷ் அகாடமி பாடங்கள் இணையத்தில் இலவசம். இந்த விடுமுறையில் தம்பி அங்கே தொடங்கட்டும். செலவில்லாமல் ஆசையின் ஆழத்தை அளந்துவிடலாம்.

இப்போது அவசரமான விஷயம். தம்பி 9ஆம் வகுப்பு. 10ஆம் வகுப்புக்குப் பாடம் தேர்ந்தெடுக்கும் படிவம் வரும்போது, "வரையத்தானே போறேன், மேத்ஸ் லிட்டரசி போதும்" என்பான். அன்றாடக் கணக்கு மட்டும் இருக்கும் அந்த எளிய பாடத்துக்கு மட்டும் இணங்காதீர்கள். மேத்ஸிலிருந்து லிட்டரசிக்கு இறங்குவது சுலபம், லிட்டரசியிலிருந்து மேத்ஸுக்கு ஏறுவது ரொம்பக் கஷ்டம். கணினி அனிமேஷனுக்கு அடியில் நிறைய வடிவியலும் திரிகோணமிதியும் இருக்கின்றன. விருப்பப் பாடம் மூன்றில் ஒன்று விஷுவல் ஆர்ட்ஸாக இருக்கட்டும். பள்ளியில் அது இல்லையென்றால் சனிக்கிழமை ஓவிய வகுப்பு ஒன்று பார்ப்போம். 12ஆம் வகுப்பு முடிவில் எழுதும் மெட்ரிக்கில், பட்டப்படிப்புக்குத் தகுதி தரும் பேச்சலர் பாஸ் வாங்கினால் பல்கலைக்கழகக் கதவு திறக்கும். ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் டிஜிட்டல் ஆர்ட்ஸ் பட்டப்படிப்பு இருக்கிறது.

தனியார் கல்லூரிகளின் பளபளப்பான விளம்பரத்தைப் பார்த்து முன்பணம் கட்டிவிடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அப்படிக் கட்டிய பிறகுதான், அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் இல்லை என்று தெரிந்து தவித்தது. உயர்கல்வித் துறையின் பதிவுப் பட்டியலில் கல்லூரி இருக்கிறதா, தேசியத் தகுதிப் பட்டியலில் படிப்பு இருக்கிறதா என்று இரண்டையும் பார்த்த பிறகே பணம். அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்எஸ்எஃப்ஏஎஸ் உதவி அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் டிவெட் எனப்படும் அரசுத் தொழிற்கல்விக் கல்லூரிகளுக்கும் மட்டும்தான். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். அண்ணனுடைய சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் தம்பியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அதற்குள் அவனுக்கு ஒரு வேலை: ஆயா டீ ஆற்றுவதைப் பத்து வினாடிக்கு வரையட்டும். வினாடிக்கு 12 படம் என்றால் மொத்தம் 120. முப்பதாவது படத்தில் சலித்துப்போய் நிறுத்திவிட்டானா, 120ஐயும் முடித்துவிட்டு "மறுபடி வரையணும், டீ விழுற வேகம் சரியில்லை" என்கிறானா என்று பக்கத்தில் இருந்து பாருங்கள். அதை வைத்துத்தான் மேற்கொண்டு பேச வேண்டும். வரும்போது அந்தக் கணக்கு நோட்டையும் கொண்டு வாருங்கள்.