பாட்டியும் அப்பாவும் விளக்கம் சொல்லட்டும்

கேள்வி: நாங்கள் ஹட்டனுக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்தில் வசிக்கிறோம். கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். சென்ற விடுமுறையில் 11 வயது மகளையும் 6 வயது மகனையும் மாமியாரையும் அழைத்துக்கொண்டு கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போனோம். அரை மணி நேரத்தில் மகன் அழத் தொடங்கிவிட்டான். வாங்கில் உட்கார்ந்த மாமியார் எழும்பவேயில்லை. ‘இந்தச் செலவுக்கு வீட்டிலேயே இருந்திருக்கலாம்’ என்று கணவர் வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். டிசம்பர் விடுமுறையில் மீண்டும் முயலலாமா, அல்லது இது எங்களுக்கு ஒத்துவராத காரியமா?
வாசகி, ஹட்டன்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

விடியுமுன் எழுந்து, பஸ்ஸில் வளைவுகளெல்லாம் சுற்றி இறங்கி, கொழும்பு வெயிலில் நடந்து சென்ற ஆறு வயதுக் குழந்தை கண்ணாடிப் பெட்டிகளுக்கு நடுவே அழுததில் வியப்பொன்றும் இல்லை. நானும் ஒரு காலத்தில், கட்டணம் கொடுத்தாயிற்று என்பதற்காக என் பிள்ளைகளை எல்லா அறைகளுக்கும் இழுத்துச் சென்றவள்தான். அன்று பார்த்தவற்றில் இன்று அவர்களுக்கு நினைவிருப்பது வாசலில் வாங்கிய ஐஸ்கிறீம் மட்டுமே. எனவே மீண்டும் போங்கள் என்றே சொல்வேன். ஆனால் கொழும்பை இப்போதைக்குத் தள்ளி வைத்துவிட்டு, உங்கள் வீட்டார் அறிந்த பொருள்கள் இருக்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள்.

முதலில் கண்டி ஹந்தானையிலுள்ள தேயிலை நூதனசாலை. 1925இல் கட்டப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட தொழிற்சாலையொன்றைத் திருத்தி, 2001இல் நூதனசாலையாக்கினார்கள். பழைய எந்திரங்களும் கொழுந்து அரைக்கும் ரோலர்களும் அங்கே உள்ளன. சலித்துக்கொண்ட உங்கள் கணவரிடம், ‘இது எப்படி ஓடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்’ என்று ஒப்படைத்துவிட்டு நீங்கள் சற்று ஒதுங்கி நில்லுங்கள். வாட்டுவது, அரைப்பது, புளிக்க வைப்பது, காயவைப்பது, சலிப்பது என்று தாம் தினமும் செய்யும் வேலையை அவர் விளக்கும்போது, அங்கே ஒட்டியிருக்கும் குறிப்புகளை யாரும் வாசிக்க வேண்டியிராது. அப்பாவின் வேலை நூதனசாலையில் வைக்கத் தகுந்தது என்பதையும் பிள்ளைகள் அன்று காண்பார்கள்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். அங்கே எந்திரங்களுக்கும், 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் போன்ற துரைமாருக்கும் கிடைத்திருக்கும் இடம், கொழுந்து பறித்தவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். அதற்காகவே இரண்டாவது பயணமாக, கம்பளைப் பக்கத்து நியூ பீகொக் தோட்டத்திலுள்ள தோட்டத் தொழிலாளர் நூதனசாலைக்குப் போகும்படி சொல்கிறேன். சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல், தொழிலாளர் குடியிருந்த ஒரு பழைய லயத்திலேயே அதை அமைத்தது. தொழிலாளர் புழங்கிய வீட்டுச் சாமான்களும் வேலைக் கருவிகளும் அங்கே சேர்த்து வைக்கப்பட்டுள்ளன. கொழும்பில் வாங்கை விட்டு எழும்பாத உங்கள் மாமியார், இங்கே உட்காரமாட்டார் என்று நினைக்கிறேன். கொழுந்து பறிக்கப் போகையில் இடுப்பில் படங்குச் சாக்கு கட்டியதையும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடியதையும், கங்காணியிடம் ஏச்சு வாங்கியதையும் அவர் சொல்லச் சொல்ல, மகள் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளட்டும். அவர் சொல்வதில் ஒரு பகுதி அவருடைய பாட்டியிடமிருந்து வந்ததாக இருக்கும். அதை வேறெந்த நூதனசாலையிலும் தேட முடியாது. இது சிறிய இடமாகையால், திறந்திருக்குமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு புறப்படுவது நல்லது.

இவ்விரண்டும் முடிந்த பிறகு கொழும்புக்குப் போகலாம். 1877இல் திறக்கப்பட்ட அந்தப் பெரிய கட்டடத்தில் இரண்டே பொருள்களைப் பார்க்கப் போவதாக வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஒன்று, கண்டி அரசரின் சிம்மாசனம். 1693இல் ஒல்லாந்தர் பரிசாகக் கொடுத்தது. 1815இல் கண்டி வீழ்ந்தபின் இங்கிலாந்துக்குப் போய், 1934இல் திரும்பி வந்தது. அதில் அமர்ந்த கடைசிக் கண்டி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட நாயக்கர் வம்சத்தவன். வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். அவன் வேலூரில் உயிரோடிருந்த காலத்திலேயே, தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு நம்மவர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள் என்பதைச் சொல்லிப் பாருங்கள். மகளிடமிருந்து கேள்விகள் வரும்.

மற்றது, காலியில் 1911இல் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்தளபதி செங் ஹே கொண்டுவந்த அந்தக் கல்லில் 1409ஆம் ஆண்டுக்குரிய சீன, தமிழ், பாரசீக வாசகங்கள் உள்ளன. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தென்னவரை நாயனார் என்ற விஷ்ணுவுக்கும், பாரசீகத்தில் இஸ்லாமிய மரபுக்கும் காணிக்கை சொல்லப்படுகிறது. இவ்வளவு பெருமையுடைய கல்லை யாரோ வடிகானுக்கு மூடியாகப் போட்டு வைத்திருந்தார்கள்! இதைக் கேட்டு மகன் நிச்சயமாகச் சிரிப்பான். அவன் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, ‘தமிழ் எந்தப் பக்கம் இருக்கிறது, கண்டுபிடி’ என்று விட்டுவிடுங்கள். எழுத்துகள் தேய்ந்திருப்பதால் வாசிப்பது கடினம். தேடுவதே அவனுக்குப் போதும்.

அதன்பின் பிள்ளைகளே கேட்டால் இன்னொரு அறைக்குப் போங்கள். கேட்காவிட்டால் அருகிலுள்ள விகாரமகாதேவி பூங்காவில் சோற்றுப் பொதியைப் பிரித்துவிடலாம். மாமியாருக்காக ஒரு பாயும் எடுத்துச் செல்லுங்கள். விடுமுறை நாள்களும் கட்டணமும் இடத்துக்கு இடம் வேறுபடுவதால், குறிப்பாகப் போயா எனும் பௌர்ணமி விடுமுறை தினமென்றால், முதல் நாளே தொலைபேசியில் கேட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்.