ட்ரெயிலர் ஆடுகிறதா? இறுக்க முன் அளந்து பாருங்கள்

பஞ்சிகாவத்தையில் ட்ரெயிலர் செய்வதும், அதை வாகனத்தோடு இணைக்கும் ஹிட்ச் பொருத்துவதும்தான் என் தொழில். பாரம் பகிரும் ஹிட்ச் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என்னால் முடிந்த பதில்கள் இவை.

அண்ணா, வானில் கொத்து ரொட்டிக் கடை ட்ரெயிலர் இழுக்கிறேன். சாமானோடு 800 கிலோ. 200 லீற்றர் தண்ணீர்த் தாங்கி பின்பக்கம் இருக்கிறது. வேகம் 50 தாண்டினால் வால் ஆடுகிறது. ஸ்பிரிங் பார் வைத்த ஹிட்ச் போட்டால் நிற்குமா? (தெஹிவளை)

நிற்காது தம்பி. அந்த பார்கள் ஹிட்சில் இறங்கும் பாரத்தை நெம்பி, வாகனத்தின் முன் சக்கரங்களுக்கும் ட்ரெயிலர் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கின்றன. உங்கள் ட்ரெயிலரின் மூக்கில், அதாவது ஹிட்சில் உட்காரும் முன் நுனியில், பாரமே இல்லை என்றுதான் நினைக்கிறேன். அப்போது பிரிக்க என்ன இருக்கிறது?

ஆள் நிறை பார்க்கும் தராசைத் தரையில் வையுங்கள். அதன் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, ட்ரெயிலர் மட்டமாக நிற்கும்படி மூக்கை அதில் இறக்குங்கள். மொத்த எடையில் 10 முதல் 15 வீதம், அதாவது 80 முதல் 120 கிலோ காட்ட வேண்டும். தாங்கி அச்சுக்கு ஒரு மீற்றர் பின்னாலும் ஹிட்ச் மூன்று மீற்றர் முன்னாலும் இருந்தால், நிறைந்த தாங்கி மட்டுமே மூக்குப் பாரத்தில் சுமார் 67 கிலோவைத் தூக்கிவிடும்.

தாங்கியை அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் மாற்றுங்கள். ஓடும்போது வெறுமையாக வைத்து, கடை போடும் இடத்தில் நிரப்பினால் இன்னும் நல்லது. அப்புறம் திரும்ப நிறுங்கள். வானின் ஹிட்ச் எவ்வளவு தாங்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பி 2,700 கிலோ பயண ட்ரெயிலர் இழுக்கிறான். பார் போட்டும் பின்பக்கம் இறங்கி, ஹெட்லைட் மேலே அடிக்கிறதாம். ஸ்டியரிங்கும் லேசாகிவிட்டதாம். (வெள்ளவத்தை)

அக்கா, அவரை மூன்று தரம் அளக்கச் சொல்லுங்கள். முன் சக்கரத்துக்கு மேல் மட்கார்ட் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம்: ட்ரெயிலர் இல்லாமல், மாட்டிய பிறகு, பார் போட்ட பிறகு. 90, 94, 93 சென்ரிமீற்றர் என்று வந்தால், ஏறிய நான்கில் ஒன்றுதான் திரும்பியிருக்கிறது. பாதியாவது திரும்ப வேண்டும். சரியான அளவு வாகனக் கையேட்டில் இருக்கும். 90க்குக் கீழே மட்டும் போகக் கூடாது. போனால் பின் சக்கரத்தின் பிடி குறையும்.

பாரை இழுத்துப் பிடிக்கும் சங்கிலியில் ஒரு கண்ணியைக் குறைக்கலாம். அது போதாவிட்டால் ஹிட்ச் தலையின் சாய்வுக்கு ஒரு வாஷர் கூட்டலாம். இதில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: பாரை வெறும் பலத்தால் இழுத்து மாட்ட வேண்டாம். மூக்கு ஜாக்கால் ட்ரெயிலரையும் வாகனத்தின் பின்பக்கத்தையும் சேர்த்து உயர்த்தினால் பார் தளர்ந்து சுலபமாக ஏறும். இறுகிய பார் கைநழுவினால் எலும்பை உடைத்துவிடும்.

திரும்பும்போது கிறீச்சென்று சத்தம். கிறீஸ் போடலாமா? (மட்டக்குளி)

ட்ரெயிலரின் வாய் உட்காரும் ஹிட்ச் உருண்டைக்குப் போடுங்கள். ஆட்டத்தைத் தடுக்க உரசும் தகடுகளில் ஒரு துளியும் வேண்டாம். அந்த உரசல்தான் அங்கே வேலை செய்கிறது.

இறக்கத்தில் ஆடத் தொடங்கினால் என்ன செய்வது? (கொட்டாஞ்சேனை)

அக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். வாகன பிரேக்கை அழுத்தாதீர்கள். பின்னால் வரும் பாரம் தள்ளி, ஆட்டம் கூடும். ட்ரெயிலருக்குத் தனிக் கை பிரேக் கட்டுப்பாடு இருந்தால் அதை மட்டும் மெதுவாகப் பிடியுங்கள். நின்றதும் டயர் காற்றையும் சாமான் நகர்ந்ததா என்பதையும் பாருங்கள்.

பழைய ஹிட்ச் ஒன்று வாங்கினேன். மாட்டினால் கடகடவென்கிறது. (மருதானை)

உருண்டை ட்ரெயிலரின் வாய்க்குச் சிறிதாக இருக்கலாம். உருண்டையின் தலையில் அளவு பொறித்திருக்கும். இங்கே 50 மில்லிமீற்றரும் 2 அங்குலமும் கலந்து கிடைக்கின்றன. 2 அங்குலம் என்பது 50.8. இதைவிடச் சிறியதாக 47.6 மில்லிமீற்றர் உருண்டையும் உண்டு. அது 2 அங்குல வாய்க்குள் பூட்டியது போலத்தான் தெரியும், குழியில் விழுந்தால் கழன்றுவிடும். பூட்டிய பிறகு ஜாக்கால் மூக்கை மேலே தூக்கிப் பாருங்கள். வாகனத்தின் பின்பக்கமும் சேர்ந்து எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் அதோடு வீதிக்கு இறங்க வேண்டாம், கராஜுக்குக் கொண்டு வாருங்கள்.