கடலோரம் எட்டுப் பேர்ச் காணியில் வீடு: கேள்வி பதில்

திருகோணமலையில் உப்புவெளி தொடங்கி குச்சவெளி வரையும், குடா ஓரமாகக் கிண்ணியா, மூதூர் பக்கமும் சிறு காணி வைத்திருப்பவர்கள் கேட்டவை இவை. கட்டட வரைபடமும் மேற்பார்வையும் செய்யும் ஒருவர் பதில் தந்திருக்கிறார்.

உப்புவெளி: அண்ணா, நிலாவெளி ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவில 8 பேர்ச். முகப்பு 33 அடி, நீளம் 66 அடி. ரோட்டு மேற்கே, கடல் கிழக்கே. இரண்டு அறை போதும். காணி ஒடுக்கம் எண்டு ரெண்டு பக்க மதிலோடயும் ஒட்டிக் கட்டச் சொல்றார் மேசன். சரியா?

ஒட்ட வேண்டாம் தம்பி. இந்தக் கரையில் ஒடுங்கிய காணி குறையே இல்லை. வீட்டின் குறுகிய முகங்கள்தான் மேற்கு வெயிலையும் கடலையும் பார்க்கும். நீளச் சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்த்து நிற்கும். கடல் உள்ளே வந்தாலும் அதற்குக் குறுக்கே நிற்கும் சுவர்தான் முதலில் விழும், நீரோட்டத்தோடு நீளமாகப் போகும் சுவர் தாங்கும்.

அகலம் 22, நீளம் 44 வையுங்கள். வடக்கில் 3 அடி, தெற்கில் 8 அடி, ரோட்டுப் பக்கம் 12, கடல் பக்கம் 10 மிஞ்சும். பக்கத்துக்கு ஐந்தரை அடி என்று சமமாகப் பங்கு போட்டால் இரண்டும் ஒன்றுக்கும் உதவாத சந்துதான். எட்டடியை ஒரே பக்கம் விட்டால் வெளிச்சம் வரும், துணி காயும், பின்வளவுக்குக் குழாய் இழுக்கலாம். வடக்கை ஒடுக்கச் சொல்வது வாடைக்காக. மார்கழி மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும், அந்தச் சுவரில் திறப்புக் குறைவாக இருக்கட்டும். அங்கேயும் 3 அடிக்குக் குறைக்காதீர்கள். இரண்டடித் தாழ்வாரம் உங்கள் எல்லைக்குள் சொட்ட வேண்டும், ஏணி சாத்திப் பெயின்ட் அடிக்க ஆள் நிற்கவும் வேண்டும்.

உள்ளே, கடல் பக்கமிருந்து தொடங்குங்கள். முழு அகலத்துக்கும் 8 அடி விறாந்தை. பிறகு 14 அடி ஹோல். அடுத்த 12 அடியில் நடுவே 3 அடி நடை, இருபுறமும் அறைகள். சுவர் கழித்தால் ஒவ்வொன்றும் உள்ளகலம் எட்டரை அடி வரும், கட்டிலும் அலுமாரியும் கொள்ளும். கடைசிப் பத்தடியில் வடமேற்கில் குசினி, தென்மேற்கில் குளியலறையும் சாமான் அறையும். பின்னேர வெயிலை இந்தக் கடைசிப் பட்டி வாங்கிக்கொள்ளும், படுக்கும் அறை சுடாது. விறாந்தை வாசலில் நின்றால் நடைவழியே மேற்குக் கதவு நேரே தெரிய வேண்டும், கடற்காற்று அதனால்தான் ஓடும். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் அந்தக் கதவைக் காலை பத்து மணிக்கே சாத்திவிடுங்கள்.

ஓர்ஸ் ஹில்: தெற்கு யன்னலுக்குத்தான் நிழலுக்கு மேல்தட்டு வேணும், வடக்கில வெயில் படாது எண்டு சொல்றாங்களே?

அது வடக்கே வெகு தூரத்தில் இருக்கும் நாடுகளின் கணக்கு. நாம் இருப்பது வட அகலாங்கு 8½ பாகையில். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஒருமுறை, ஓகஸ்ட் கடைசியில் ஒருமுறை நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு மேல் நிற்கும். இடைப்பட்ட நாலரை மாதமும் நண்பகல் வெயில் வடக்கிலிருந்துதான் வரும், அதுவும் கச்சான் மாதங்களில்.

ஜூன் நண்பகலில் சூரியன் வடவானில் 75 பாகை உயரம். ஓர் அடித் தட்டு 3¾ அடிக்கு நிழல் போடும். டிசெம்பரில் தென்வானில் 58 பாகை. இரண்டடித் தாழ்வாரம் 3 அடிக்குச் சற்று மேல் நிழல் தரும், போதும். மேற்கில் மட்டும் தாழ்வாரம் தோற்றுவிடும். பின்னேரம் நாலு மணிக்கு வெயில் 30 பாகையில்தான் நிற்கும், இரண்டடித் தட்டு ஓர் அடி இரண்டங்குலத்துக்கே நிழல் தரும். ஆகவே மேற்குச் சுவரில் யன்னல் வைக்காதீர்கள், முகட்டோரம் காற்றுத் துளை போதும்.

அலஸ்தோட்டம்: காணியின் விளிம்பு கடலிலிருந்து 180 அடி. சபையில் பிளான் பாஸ் பண்ணினால் போதுமா?

போதாது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர், அதாவது 984 அடி, கரையோர வலயம். உங்கள் காணி முழுதும் அதற்குள். சபையின் அனுமதிக்கு மேலே கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். கடலிலிருந்து விடவேண்டிய தூரம் கரையின் பகுதிக்குப் பகுதி மாறும். வரைபடம் கீறுமுன் அதை எழுத்தில் வாங்குங்கள். பக்கத்துக் காணிக்காரர் எவ்வளவு விட்டார் என்பது உங்களுக்குச் சாட்சி ஆகாது.

நிலாவெளி: பத்து வருசத்துக்குள்ளேயே பக்கத்து வீட்டுத் தூணெல்லாம் வெடிச்சுக் கம்பி தெரியுது. சீமெந்து கூடப் போட்டால் சரிவருமா?

சீமெந்தைக் கூட்டுவது கடைசி வேலை. கொங்கிறீட்டின் நுண்துளை வழியே உப்பு கம்பியைத் தொட்டதும் துரு தொடங்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அந்த நெருக்கலில்தான் தூண் வெடிக்கிறது. ஆகவே உப்பு உள்ளே போக வேண்டிய தூரத்தைக் கூட்டுங்கள், துளையைக் குறையுங்கள், நீங்களே உப்பைக் கலந்து கொடுக்காதீர்கள்.

தூரம் என்பது கம்பிக்கு வெளியே உள்ள கொங்கிறீட்டின் தடிப்பு. தூணுக்கும் வளைக்கும் (பீம்) 2 அங்குலம், மண்ணுக்குள் இருக்கும் பாதத்துக்கு 3 அங்குலம். இங்கேதான் வழக்கமான 9க்கு 9 தூண் மாட்டுப்படும். இரு பக்கமும் இரண்டங்குலம் விட்டால் கம்பிக் கூட்டுக்கு மிஞ்சுவது 5 அங்குலம். மேசன் வழக்கமான 7 அங்குலக் கம்பி வளையத்தையே கட்டுவார், தடிப்பு ஓர் அங்குலமாகிவிடும். தூணை 9க்கு 12 ஆக்குங்கள், வளையத்தை 5க்கு 8 ஆக வளைக்கச் சொல்லுங்கள். கம்பிக்கும் பலகைக்கும் இடையே வைக்கும் கவர் கட்டைகளை அதே கலவையில் முன்கூட்டியே வார்த்து வையுங்கள், ஓட்டுத் துண்டு, கல்லுத் துண்டு வேண்டாம். கட்டுக்கம்பியின் நுனி வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் துரு அதன் வழியே உள்ளே போகும். கொங்கிறீட் போடும் காலையில் ஒவ்வொரு முடிச்சாகக் கையால் தடவி, நுனியை உள்ளே மடித்துவிடுங்கள்.

துளையைக் குறைப்பது தண்ணீர்க் கணக்கு. 50 கிலோ பைக்கு 22 முதல் 23 லீற்றர், ஈர மணலில் இருக்கும் நீரும் இதற்குள் அடக்கம். கலவை சீமெந்து, மணல், சல்லி 1:1½:3, முக்கால் அங்குலச் சல்லி. இறுக்கமாக இருக்கிறது என்று வாளியால் ஊற்றுவார்கள், அந்த இடத்தில் நீங்கள் நிற்க வேண்டும். வைப்ரேட்டர் வாடகைக்கு எடுத்தால் இந்த இறுக்கத்திலும் கலவை இறங்கும். பலகை கழற்றியதும் சாக்குச் சுற்றிப் பத்து நாள் ஈரமாக வையுங்கள்.

மூன்றாவது, கலவைக்கும் நனைப்பதற்கும் நல்ல தண்ணீர் மட்டும். கடற்கரை மணல் ஒரு சட்டிகூட வேண்டாம், பூச்சுக்கும் வேண்டாம். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், அந்தச் சுவரில் எந்தப் பெயின்டும் நிற்காது. ஆற்று மணல் என்று வந்த லோடில் சந்தேகமிருந்தால் ஒரு கைப்பிடியை வடிநீரில் கலக்கித் தெளியவிட்டு, இரண்டு சொட்டு வெள்ளி நைத்திரேற்று விடுங்கள். பாலாக வெளுத்தால் உப்பு. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் இருக்கும் சாமான்தான்.

திருக்கடலூர்: வெறும் மணல் தரை. அத்திவாரம் எவ்வளவு ஆழம்?

இறுகிய மணல் நல்ல தரை. பாரத்துக்கு அது பயமில்லை, தண்ணீர் அரித்துக்கொண்டு போவதுதான் பயம். ஒரு மாடிக்கு 3 அடி ஆழம், இரண்டரை அடி அகலம், அடியில் 3 அங்குலக் கொங்கிறீட், மேலே 1:5 சாந்தில் கருங்கல், அதற்கு மேல் சுற்றிவர வளை. நிலத்தடி நீர் இறங்கியிருக்கும் ஆடி, ஆவணியில் தோண்டுங்கள். மாரியில் தோண்டினால் கிடங்குச் சுவர் சரியும். வீட்டுத் தரை ரோட்டு மட்டத்துக்கு இரண்டரை அடி மேலே இருக்கட்டும். உள் நிரப்பை 9 அங்குலப் படையாகத் தண்ணீர் விட்டு இறுக்குங்கள். பீலி இல்லாத கூரைத் தண்ணீர் அத்திவாரத்தோரம் ஒரே மாரியில் வாய்க்கால் வெட்டிவிடும், சுற்றிவர 2 அடிக்குக் கொங்கிறீட் தளம் போட மறக்காதீர்கள்.

குச்சவெளி: 2020 டிசெம்பர் புரெவி எங்கட பக்கத்தாலதான் கரை ஏறினது. கூரையை எப்படிப் பாதுகாக்கிறது?

1964இலும் 2000இலும்கூட டிசெம்பரில்தான் இந்த மாவட்டத்தில் புயல் அடித்தது. கார்த்திகைக்கு முன் கூரை வேலை முடிய வேண்டும் என்று கணக்கு வையுங்கள்.

நாலு பக்கமும் சாயும் கூரை, சாய்வு இரண்டுக்கு ஒன்று. உங்கள் வீட்டு அகலமும் 22 அடி என்றால் பாதி 11, முகட்டு உயர்வு ஐந்தரை அடி. தட்டையான கூரையைக் காற்று மேலே உறிஞ்சும். சுவரின் உச்சியில் சுற்றிவரக் கொங்கிறீட் வளை போட்டு, அது ஈரமாக இருக்கும்போதே 3 அடிக்கு ஒன்றாக 12 மி.மீ. போல்ட் புதைத்து, சுவர் மரத்தை அதில் முறுக்குங்கள். ஒவ்வொரு கைமரத்தையும் சுவர் மரத்தோடு பட்டைத் தகட்டால் கட்டுங்கள். ஆணி மட்டும் அடித்தால் காற்று தூக்கும்போது அது நேரே கழன்றுவிடும். கூரைக்குத் தகடு போட்டால் ஓரங்களில் ஒவ்வொரு மேட்டிலும் திருகாணி, நடுவில் ஒன்றுவிட்டு ஒன்று. ஓடென்றால் கீழ் இரண்டு வரிசையையும் ஓரங்களையும் துருப்பிடிக்காத கம்பியால் சலாகையோடு கட்டுங்கள், முகட்டு ஓட்டைச் சாந்தில் பதியுங்கள்.

விறாந்தைக் கூரையைப் பெரிய கூரையின் நீட்சியாகப் போடாதீர்கள். எட்டடி வெளியே நீட்டிய கூரைக்குக் கீழே காற்றுப் புகுந்தால் முழுக் கூரையையும் இழுத்துக்கொண்டு போகும். ஓர் அடி கீழே, தனிச் சட்டமாகக் கட்டுங்கள். போனால் அது மட்டும் போகட்டும். கடல் பக்க யன்னல்களுக்குப் பலகைக் கதவும் வேண்டும். கண்ணாடி உடைந்து காற்று உள்ளே புகுந்தால் கூரையை உள்ளிருந்தே தள்ளும்.

கிண்ணியா: காக்கா, கிணத்துக்கும் மலசலகூடக் குழிக்கும் 50 அடி விட்டால் போதும்தானே? செப்டிக் முன்னுக்கு, கிணறு பின்னுக்குக் கடல் பக்கம் வைக்க யோசிக்கிறம்.

தூரம் சரி, திசை பிழை. நிலத்தடி நீர் தரையிலிருந்து கடலை நோக்கி நகரும். முன்னுக்குள்ள குழி கசிய, அது நேரே உங்கள் கிணற்றுப் பக்கம்தான் வரும். மாற்றிப் போடுங்கள்: கிணறு ரோட்டுப் பக்கம், குழி கடல் பக்கம். கிணற்று நீரும் அப்போது உப்புக் குறைவாக இருக்கும். பின்னால் களப்பு இருக்கிற இடங்களில் நீர் இரு பக்கமும் ஓடலாம், அயல் கிணறுகளின் நீர்மட்டத்தை ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள். அயல்வீட்டுக் கிணற்றுக்கும் அதே 50 அடி அளக்க வேண்டும்.

மணலில் ஆழக் குழி கூடாது, கழிவு வடிபடாமல் நீர்மட்டத்தில் போய் விழும். தை மாதத்தில் நீர் எங்கே நிற்கிறதோ அதற்கு 4 அடி மேலே குழியின் அடி இருக்க வேண்டும். அவ்வளவு இடம் கிடைக்காவிட்டால் 2 அடி ஆழ நீள வாய்க்காலில் சல்லி நிரப்பித் துளைக் குழாய் இடுங்கள். தாங்கியை மழைக்காலத்தில் வெறுமையாக்காதீர்கள். சுற்றி நீர் ஏறி நிற்கையில் வெறும் தாங்கி தோணி மாதிரி மிதந்து குழாயை முறிக்கும்.

இன்னொன்று, இங்கே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. பெரிய மோட்டரால் ஒரேயடியாக இறைத்தால் கீழே உள்ள உப்பு மேலே ஏறும். அரைக் குதிரைவலு, கால் மணி நேரம், பிறகு ஓய்வு.

சாம்பல்தீவு: கிணறு ஈசான மூலையில்தான் இருக்கவேணும் எண்டு அம்மா நிற்கிறா. குசினியும் தென்கிழக்காம்.

குசினிக்கு வாயு மூலை, அதாவது வடமேற்கு, இரண்டாவது இடமாகச் சாத்திரத்திலேயே உண்டு. அதைச் சொல்லி அம்மாவைச் சம்மதிக்க வையுங்கள் தங்கச்சி. கடல் கிழக்கே உள்ள காணியில் தென்கிழக்குக் குசினியின் புகையைக் கடற்காற்று ஹோலுக்குள் கொண்டுவரும். கிணறு ஈசானத்தில் வேண்டுமென்றால் வெட்டுங்கள், குளிக்கவும் கழுவவும் மட்டும் வையுங்கள். குடிக்கக் குழாய் நீர்.

மூதூர்: மழைத்தண்ணி சேர்க்கலாமா, எவ்வளவு வரும்?

22க்கு 44 வீட்டின், தாழ்வாரத்தோடு 26க்கு 48 அடிக் கூரையில் ஓர் அங்குல மழைக்கு ஏறக்குறைய 2,900 லீற்றர் விழும், வீணானது போக 2,300 கையில் வரும். 5,000 லீற்றர்த் தாங்கி ஐப்பசியில் சில நாளில் நிரம்பும். ஒவ்வொரு மழையிலும் முதல் தண்ணீரை வெளியே விடுங்கள், கூரையில் படிந்த உப்பும் காக்கை எச்சமும் அதில்தான் வரும். அஸ்பெஸ்டஸ் கூரையென்றால் குடிக்க எடுக்காதீர்கள்.

உப்புவெளி: பிணைச்சல், கொளுக்கி எல்லாம் ஆறு மாசத்தில துரு. எவர்சில்வர் எண்டு சொல்லித்தான் வாங்கினது.

எவர்சில்வரில் 304, 316 என்று தரம் உண்டு. கடலோரத்தில் 304இலும் பழுப்புப் புள்ளி விழும், 316 கேட்டு வாங்குங்கள். பித்தளைப் பிணைச்சலும் நிற்கும். மழை படாத இடம்தான் முதலில் துருப்பிடிக்கும். மழை உப்பைக் கழுவும், தாழ்வாரத்துக்குக் கீழே கழுவ ஆளில்லை. மாசியில் வாடை ஓய்ந்ததும் யன்னல், பிணைச்சல், கூரைத் தகட்டின் அடிப்பக்கம் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். ஏசியின் வெளிப்பெட்டியைக் கடல் பக்கம் வைக்காதீர்கள், தெற்குச் சந்தில் வையுங்கள்.

நிலாவெளி: கடல் பக்கம் மணல்மேடும் பத்தையுமா இருக்கு. வழிச்சுத் துப்புரவாக்கி மதில் கட்டலாமா?

அந்த மேட்டில் கை வைக்காதீர்கள். அடம்பன் கொடியும் இராவணன் மீசையும்தான் அந்த மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. வழித்தால் அடுத்த வாடையிலேயே மணல் விறாந்தைக்கு வரும். கடல் பக்கம் மூடிய மதிலும் வேண்டாம், அலை அதன் அடியைத் தோண்டிச் சாய்க்கும், காற்றையும் மறிக்கும். கம்பி வேலி போட்டு, அதோரம் பூவரசோ தாழையோ நடுங்கள். தென்னை வைப்பதென்றால் கூரையிலிருந்து 15 அடி தள்ளி.