அமெரிக்கால பிசினஸ் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஆகுற செலவு டாக்ஸ்ல கழியுமா?

நீங்க கேட்டது இதுதானே மா: வேலை விசால இருக்குற வீட்டுக்காரரோட எச்-4 விசால வந்திருக்கீங்க, ஈ.ஏ.டி, அதாவது வேலை பாக்குறதுக்கான அனுமதி அட்டை, கைக்கு வந்துடுச்சு, வீட்டுலேருந்தே ப்ளவுஸ் தைக்கிறது, ஆரி ஒர்க்னு சின்னதா ஒண்ணு ஆரம்பிக்கலாம்னு இருக்கீங்க, இன்னும் ஆரம்பிக்கல, ஆனா மெஷின், ஆரி கோர்ஸ், வெப்சைட், ஊர்லேருந்து எடுத்துட்டு வந்த துணின்னு இப்பவே செலவு ஓடிக்கிட்டு இருக்கு, "அதெல்லாம் டாக்ஸ்ல திரும்ப வந்துடும்"னு யாரோ சொன்னாங்க, நிஜமான்னு.

திரும்ப வராது மா, கழியும். இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை முதல்ல மனசுல வாங்கிக்கோங்க, ஏன்னா இந்தப் பேச்சை நம்பி ஆயிரக்கணக்குல பொருள் வாங்கிப் போட்டவங்களை நான் இங்க நிறைய பாத்துட்டேன். ஆயிரம் டாலர் செலவைக் காட்டினா உங்க வருமானத்துலதான் ஆயிரம் குறையும், வரியில இல்ல. லாபம் வர்ற வருஷத்துல, நீங்க 22 பர்சென்ட் வரி அடுக்குல இருக்கீங்கன்னா, செல்ஃப் எம்ப்ளாய்மென்ட் டாக்ஸையும் (சொந்தத் தொழில் லாபத்துக்குத் தனியாக் கட்டுற வரி) சேத்துப் பாத்தா அந்த ஆயிரத்துக்கு 300 சொச்சம் மிச்சமாகும், மீதி உங்க கைக்காசுதான். அதனால தேவைக்கு வாங்குங்க, கழிக்கலாம்னு வாங்காதீங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். இங்க எல்லாமே பிசினஸ் தொடங்குற அந்த ஒரு நாளை வச்சுத்தான். அந்த நாளைக்கு முன்னாடி ஆன செலவு ஒரு கணக்கு, பின்னாடி ஆன செலவு வேற கணக்கு. ஒரே மாதிரி நோட்டீஸ், ஒரே பிரின்ட் கடை, ஒரே காசு, ஆனா தொடங்கின மறுநாள் அடிச்சீங்கன்னா அது சாதாரண பிசினஸ் செலவு, அந்த வருஷமே முழுசா கழியும், முந்தின நாள் அடிச்சா அது ஸ்டார்ட்அப் காஸ்ட். ஸ்டார்ட்அப் காஸ்ட்டுக்கு விதி என்னன்னா, பிசினஸ் தொடங்கின வருஷத்துல 5,000 டாலர் வரைக்கும் ஒரேயடியா கழிச்சுக்கலாம், அதுக்கு மேல இருக்குறதை 180 மாசத்துக்கு, அதாவது 15 வருஷத்துக்கு, கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சுக் கழிக்கணும். உங்களுக்கு மொத்தம் 7,400 ஆகி செப்டம்பர்ல தொடங்கினீங்கன்னு வைங்க, 5,000 உடனே, மிச்சம் 2,400ஐ 180ஆல வகுத்தா மாசம் 13 டாலர் 33 சென்ட், அந்த வருஷம் நாலு மாசத்துக்கு 53 டாலர் சொச்சம். மொத்தம் 50,000ஐத் தாண்டிட்டா, தாண்டின அளவு அந்த 5,000லேருந்து குறைஞ்சுக்கிட்டே வந்து 55,000ல சுத்தமா போயிடும், வீட்டுல தைக்கிற உங்களுக்கு அந்தக் கவலை இல்ல, ஹோட்டல் போடுறவங்களுக்குத்தான்.

சரி, தொடங்கின நாள்னா எது? எல்.எல்.சின்னு கம்பெனியாப் பதிவு பண்ணி பேப்பர் வந்த நாள் இல்ல, ஈ.ஐ.என்ங்கிற பிசினஸ் வரி எண் வாங்கின நாள் இல்ல, பேங்க் அக்கவுன்ட் திறந்த நாளும் இல்ல. ஆர்டர் எடுத்து தைச்சுக் குடுக்க எல்லாம் தயாரா வச்சுக்கிட்டு, வெளியில சொல்லி, வேலையை நிஜமாவே நடத்த ஆரம்பிக்கிற நாள். நான் இங்க ஒரு சின்ன டியூஷன் சென்டர் நடத்துறேன், கதவைத் திறக்குறதுக்கு முந்தி குடுத்த வாடகை, டீச்சர்களுக்கு ட்ரெய்னிங் சமயத்துல குடுத்த சம்பளம், விளம்பரம் எல்லாம் ஸ்டார்ட்அப் காஸ்ட்லதான் போச்சு, திறந்ததுக்கு அப்புறம் அதே வாடகை சாதாரண செலவு.

அதனால நான் உங்களுக்குச் சொல்றது, எல்லாம் பிரமாதமா ரெடியாகி ஆரி ஸ்டாண்டு, போட்டோ ஷூட், லோகோ எல்லாம் முடிஞ்ச பிறகுதான் திறப்பேன்னு இழுத்துக்கிட்டே போகாதீங்க. கையில இருக்குற மெஷினை வச்சு ஆல்டரேஷன், ஃபால்ஸ் அடிக்கிறது, சாதா ப்ளவுஸ்னு நிஜமான கஸ்டமருக்கு நிஜமான விலைக்குச் செய்ய ஆரம்பிச்சுடுங்க. ஒப்புக்கு இல்ல, தொடர்ந்து நடத்தணும். அப்படித் தொடங்கிட்டா அதுக்கப்புறம் வர்ற விளம்பரமும் வெப்சைட் மாசக் கட்டணமும் எல்லாம் அந்தந்த வருஷத்துலயே கழியும். இன்னொண்ணு, டிசம்பர் முடிஞ்சும் தொடங்கலைன்னா இந்த வருஷம் அந்தச் செலவுல எதையும் கழிக்க முடியாது, தொடங்குற வருஷம் வரைக்கும் அது காத்திருக்கணும். தொடங்காமலே விட்டுட்டீங்கன்னா, என்ன பண்ணலாம்னு பொதுவா விசாரிச்சு அலைஞ்ச செலவு சொந்தச் செலவாப் போயிடும், அவ்வளவுதான். ஆனா தொடங்கி நடத்தி அப்புறம் மூடினா, அந்த 180 மாசக் கணக்குல கழிக்காம மிச்சம் இருக்குறதை நஷ்டமாக் காட்ட வழி இருக்கு.

உங்க லிஸ்ட்டுல இருந்த செலவுகளுக்கு வர்றேன். மெஷின் ஸ்டார்ட்அப் காஸ்ட்டே இல்ல, அது சொத்து. பிசினஸ்ல பயன்பாட்டுக்கு வந்த நாள்லேருந்து டிப்ரிசியேஷனாவோ (தேய்மானம்னு வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா), செக்‌ஷன் 179ங்கிற விதிப்படி ஒரே வருஷத்துலயோ கழிக்கலாம். பிசினஸ் ஓட ஆரம்பிச்ச பிறகு வாங்குற பொருள் ஒண்ணு 2,500 டாலருக்குள்ள இருந்தா ரிட்டர்னோட, அதாவது வருஷா வருஷம் போடுற வரிக் கணக்கோட, ஒரு எலெக்‌ஷன் ஸ்டேட்மென்ட் (இந்த முறையை எடுத்துக்கிறேன்னு எழுதுற தாள்) வச்சு நேரடியாவே செலவாக் காட்டலாம், ஒவ்வொரு வருஷமும் அதை வைக்கணும். ஏற்கனவே வீட்டுக்குன்னு வாங்கி ஓட்டிக்கிட்டிருந்த பழைய மெஷினை இதுக்கு மாத்துனா, வாங்கின விலை, மாத்துற அன்னிக்கு அதோட மதிப்பு, ரெண்டுல எது குறைவோ அதான் கணக்கு.

ஆரி கோர்ஸ் ஃபீஸ் கழியாதும்மா. ஏற்கனவே பண்ற தொழில்ல திறமையைக் கூட்டிக்கப் படிச்சா கழியும், ஒரு புதுத் தொழிலுக்கு நம்மளைத் தகுதியாக்குற படிப்புன்னா கழியாது, இதுல ஐ.ஆர்.எஸ், அதான் இங்கத்த வரித்துறை, ரொம்பக் கறாரு. தைக்கிற பிசினஸ் ஓடிக்கிட்டு இருக்கும்போது அதுல சேத்துச் செய்ய அட்வான்ஸ்டு ஆரி கத்துக்கிட்டா அது வேற பேச்சு, முதல்ல ஆல்டரேஷன்ல இறங்குங்கன்னு சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஊருக்குப் போன டிக்கெட்டு பத்திக் கேட்டிருந்தீங்க. அம்மா அப்பாவைப் பாக்கப் போய், போன இடத்துல ரெண்டு நாள் துணிக்கடை ஏறி இறங்கினா அது குடும்பப் பயணம்தான், டிக்கெட் கழியாது. எல்லாரும் போடுறாங்கன்னு நீங்களும் போடாதீங்க, கேள்வி வந்தா பதில் சொல்ல முடியாது. அங்க எடுத்த துணி, லைனிங், கல், மணி எல்லாம் சரக்கு, அதை வச்சுத் தைச்சு விக்கும்போது அடக்க விலையாக் கழியும், ஸ்டார்ட்அப் காஸ்ட்ல சேக்கக் கூடாது. விக்கிறதுக்குக் கொண்டு வந்த சரக்குன்னா ஏர்போர்ட்ல கஸ்டம்ஸ்ல சொல்லிடணும், அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

எல்.எல்.சி போட்டாத்தான் கழிக்க முடியும்னு சொன்னாங்களா? இல்லவே இல்ல. நீங்க ஒருத்தர் மட்டும் இருக்குற எல்.எல்.சின்னா ஃபெடரல் வரிக்கு அது இல்லாத மாதிரிதான், போட்டாலும் போடாட்டியும் அதே ஷெட்யூல் சி (சொந்தத் தொழில் வரவு செலவு காட்டுற ஃபார்ம்), வருஷா வருஷம் பிரிச்சுக் கழிக்கிறதுக்கு முதல் வருஷம் ஃபார்ம் 4562, அவ்வளவே. எல்.எல்.சி எதுக்குன்னா, கேஸு கீஸுன்னு வந்தா சொந்தச் சொத்தைக் கொஞ்சம் காப்பாத்திக்கிறதுக்கு. ஈ.ஐ.என் ஐ.ஆர்.எஸ் சைட்டுல இலவசம், அதுக்கு யாருக்கும் காசு குடுக்காதீங்க.

வீட்டுல ஒரு ரூமை தைக்கிறதுக்கு மட்டுமேன்னு ஒதுக்குனீங்கன்னா ஹோம் ஆஃபீஸ் கழிவு இருக்கு, சுலப முறையில சதுர அடிக்கு 5 டாலர், அதிகபட்சம் 300 சதுர அடி, ஆக 1,500. ஆனா அதே ரூம்ல பசங்க படுத்துத் தூங்கினா அந்த இடம் சேராது. அதோட இந்தக் கழிவை வச்சு நஷ்டம் காட்ட முடியாது, பிசினஸ்ல வந்த லாபம் எவ்வளவோ அது வரைக்கும்தான். கஸ்டமர் வீட்டுக்கோ நூல் வாங்கவோ கார் எடுத்தா 2025க்கு மைலுக்கு 70 சென்ட், தேதி, எங்க போனீங்க, எதுக்கு, எத்தனை மைல்னு அன்னன்னிக்கே எழுதணும், மார்ச் மாசம் உக்காந்து மொத்தமா எழுதுறது செல்லாது.

இப்ப யாரும் சொல்லாத ஒண்ணு. செலவெல்லாம் போக வருஷத்துக்கு 400 டாலர் நின்னாலே செல்ஃப் எம்ப்ளாய்மென்ட் டாக்ஸ் உண்டு, 15.3 பர்சென்ட், லாபத்துல 92.35 பர்சென்ட்டுக்கு. வீட்டுக்காரர் சம்பளத்துல பிடிக்கிற வரி இதுக்குச் சேத்துப் பிடிக்காது. ஒண்ணு அவர் ஆஃபீஸ்ல டபிள்யூ-4ஐ (சம்பளத்துல எவ்வளவு வரி பிடிக்கணும்னு எழுதிக் குடுக்குற ஃபார்ம்) மாத்தி கூடுதலாப் பிடிக்கச் சொல்லணும், இல்ல ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, அடுத்த ஜனவரி 15னு நாலு தவணையா நீங்களே கட்டணும், இல்லாட்டி பெனால்டி வரலாம். ஏப்ரல்ல பில்லைப் பாத்து அழுத பொண்ணுங்களை எனக்குத் தெரியும், அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன். முதல் வருஷம் நஷ்டம்னா, நீங்க ரெண்டு பேரும் சேந்து போடுற ஜாயின்ட் ரிட்டர்ன்ல அது அவர் சம்பளத்தோட சேந்து கழியும், ஆனா வருஷா வருஷம் நஷ்டமே காட்டிக்கிட்டிருந்தா இது பொழுதுபோக்குன்னு சொல்லிடுவாங்க, அஞ்சு வருஷத்துல மூணு வருஷம் லாபம் இருந்தா பிசினஸ்னு எடுத்துக்குவாங்க.

ஈ.ஏ.டி தேதி முடியுதான்னு கண்ணுல வச்சுக்கிட்டே இருங்க, அது செல்லுபடியாகாத நாள்ல வேலை பண்ணக் கூடாது, சொந்தத் தொழிலா இருந்தாலும்.

சி.பி.ஏ (நம்ம ஊர் ஆடிட்டர் மாதிரி) வேணுமான்னு கேட்டீங்க, முதல் வருஷம் மட்டும் கட்டாயம் போங்க, அவர் போடுற ரிட்டர்னைப் பாத்து அடுத்த வருஷம் நீங்களே போட்டுக்கலாம், அவர் ஃபீஸ்ல பிசினஸுக்கான பங்கும் கழியும். போகும்போது பிசினஸுக்குன்னு தனி பேங்க் அக்கவுன்ட் ஸ்டேட்மென்ட், எல்லா ரசீதும், தொடங்கின தேதிக்கு ஆதாரமா முதல் ஆர்டர் பில்லு, அன்னிக்குப் போட்ட விளம்பரம் இதெல்லாம் எடுத்துட்டுப் போங்க. கார்டு ஸ்டேட்மென்ட் மட்டும் போதாது, அதுல கடைப் பேரு இருக்கும், என்ன வாங்கினீங்கன்னு இருக்காது. கடை ரசீதுல மை அழிஞ்சுடும், வாங்கின அன்னிக்கே போட்டோ எடுத்துடுங்க. இதுவரைக்கும் ஆன செலவை எல்லாம் தேதியோட ஒரு ஷீட்டுல போட்டு, எந்த மாசம் தொடங்குறதா இருக்கீங்கன்னும் எழுதுங்க, எது எந்தக் கணக்குல போகும்னு நான் பாத்துச் சொல்றேன்.